நாலு அங்குலம்

ஜீப் வண்டியை உயர்த்துவதாகச் சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் பணத்தைச் செலவழிக்கிறார்கள். ஸ்பிரிங்குகளை மாற்றுகிறார்கள், வண்டியும் உயர்ந்துதான் நிற்கிறது, பார்க்கிறவர்களுக்குக் கம்பீரமாகவும் இருக்கிறது. ஆனால் எந்தக் கல் அடியில் இடித்துவிடும் என்று பயந்து உயர்த்தினார்களோ, அந்தக் கல்லுக்கும் அதில் இடிபடுகிற இரும்புக்கும் நடுவே இருக்கும் தூரம், ஸ்பிரிங்கை மாற்றியதால் ஒரு நூல்கூட அதிகமாவதில்லை. இது என்ன விடுகதை என்று கேட்பீர்கள். விடுகதை அல்ல, கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஜீப்பின் அடிவயிற்றில் என்ன ஜோலி என்று வாசகர்கள் கேட்டால் அது நியாயமே. என் ஜோலி பணத்தோடு சம்பந்தப்பட்டு வந்தது. போடிநாயக்கனூரில் என் தமக்கை இருக்கிறாள். அவளுடைய மகன், அதாவது என் மருமகன், சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் போனில் கூப்பிட்டான்.

"மாமா, ஒண்ணரை லட்சம் தேவைப்படுது. இந்த சீசன் முடிஞ்சதும் திருப்பிர்றேன்."

"எதற்கடா?"

"ஜீப்பை நாலு இஞ்சு தூக்கணும் மாமா. முப்பத்து மூணு இஞ்சு டயர் போடணும்."

வீடு கட்டக் கடன் கேட்பார்கள், கல்யாணத்துக்குக் கேட்பார்கள், படிப்புக்குக் கேட்பார்கள். நாலு அங்குல உயரத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்டவனை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, அவன் கேட்டானா? குடுத்திராதே. இல்லேன்னும் சொல்லிராதே. நீயே ஒரு நடை வந்து பாத்துட்டு, எது சரியோ அதைச் செய்."

பெற்ற தாய்களின் ராஜதந்திரம் இப்படித்தான் இருக்கும். முடிவை நம் தலையில் வைத்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துவிடுவார்கள். நான் ரயிலேறினேன்.

போடிக்கு ரயிலேறுவது என்பதே இப்போதுதான் சாத்தியமாகியிருக்கிறது. பழைய மீட்டர் கேஜ் பாதையை 2010-ஆம் வருஷக் கடைசியில் மூடியதிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த ஊர் ரயில் சத்தம் கேட்காமல் இருந்தது. அகலப் பாதை போட்டு 2023 ஜூனில்தான் மறுபடி வண்டி விட்டார்கள். ஏலக்காயை ஏலம் போடுகிற ஊர் அது. காற்றிலேயே அந்த வாசனை இருக்கும். ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி மலை எழுந்து நிற்கிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப்பக்கம் கேரளத்து இடுக்கி ஜில்லா. தோட்டங்கள் பெரும்பாலும் அந்தப்பக்கம். வேலைக்குப் போகிறவர்களில் பலர் இந்தப்பக்கம். இரண்டையும் தினம் தினம் முடிச்சுப் போட்டு வைத்திருப்பவை ஜீப்புகள். விடியுமுன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். இருட்டுகிற நேரத்தில் இறங்கி வரும்.

என் மருமகனுக்கு அவனுடைய அப்பா விட்டுப்போன எட்டு ஏக்கர் ஏலத்தோட்டம் மலைக்கு அப்பால் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து பிரிந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். அது பாதை என்று சொல்லத் தகுந்ததல்ல. தண்ணீர் ஓடி மண் கரைந்து, கல் மட்டும் மிஞ்சிய ஓடை. போன ஆடி மழையில் அங்கே ஒரு கல் அவனுடைய பழைய மகீந்திரா ஜீப்பின் அடியில் இடித்து, டிபரன்ஷியல் உருண்டையைப் பிளந்து, எண்ணெயெல்லாம் கொட்டிவிட்டது. கூட இருந்த ஒன்பது பெண்கள் கொட்டுகிற மழையில் தார் ரோடு வரைக்கும் நடந்து, அங்கே வேறு வண்டி கிடைத்து வீடு வந்து சேர இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. அன்றைக்குப் பையன் தீர்மானித்தான், வண்டியை உயர்த்துவது என்று. ஆகவே வெறும் ஷோக்குக்காக என்று அவனைத் தள்ளிவிட முடியவில்லை. ஷோக்கும் கொஞ்சம் இருந்தது. அவன் போனில் அமெரிக்க ஜீப்புகளின் படங்கள் ஐம்பதாவது இருக்கும். ஒவ்வொன்றும் யானை மாதிரி நின்றது. இருபத்தேழு வயதில் அது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

மறுநாள் பட்டறைக்குப் போனோம். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். நான் கேட்ட முதல் கேள்வியிலேயே என் ஞானத்தை அளந்துவிட்டார். "சார், பெஞ்சில உக்காந்தா இது புரியாது. இப்படி வந்து குத்த வச்சு அடியில பாருங்க" என்றார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

இரண்டு சக்கரங்களையும் சேர்த்துக் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. அதுதான் அச்சு. அதன் வயிற்றில் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை. அதற்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. என்ஜினின் சுழற்சியை வாங்கி இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. வண்டியின் அடியில் பூமிக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான், இடிபடுவதும் அதுதான்.

"இப்ப சொல்லுங்க சார். ஸ்பிரிங் பட்டை எங்க இருக்கு? அச்சுக்கும் சேஸுக்கும் நடுவுல. பட்டையை எவ்வளவு வளைச்சுப் போட்டாலும் சேஸும் பாடியுந்தான் மேல போகும். அச்சு எங்க நிக்கும்? சக்கரத்தோட மையத்துல. அது அங்கயேதான் நிக்கும்."

ஆற்றைக் கடக்கிறவன் தலைச்சுமையை எவ்வளவு உயரத் தூக்கிப் பிடித்தாலும் இடுப்பு வேஷ்டி நனையத்தானே செய்யும்? அதே கதைதான். அச்சை உயர்த்த ஒரே வழி, பெரிய டயர். அதிலும் பாதிதான் லாபம். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால், வித்தியாசம் ஐந்து அங்குலம்; அதில் பாதி மையத்துக்கு மேலே போய்விடும்; மீதிப் பாதிதான் கீழே. ஆக உருண்டை உயர்வது இரண்டரை அங்குலம்.

"அப்படியானால் ஸ்பிரிங்கை எதற்கு உயர்த்துகிறார்கள்?" என்று கேட்டேன்.

"பெரிய டயர் உக்கார இடம் வேணுமில்ல சார்? சும்மா போட்டா பள்ளத்துல இறங்குறப்ப மட்கார்டுல உரசும். ஒடிச்சுத் திருப்புனா பட்டையில உரசும். டயருக்கு இடம் பண்ணத்தான் வண்டியைத் தூக்குறது."

நாலு அங்குலம் ஸ்பிரிங்கில், இரண்டரை அங்குலம் டயரில். வண்டியின் உடம்பு ஆறரை அங்குலம் மேலே போகும். அடியில் கல்லுக்குக் கிடைப்பது இரண்டரை அங்குலந்தான். மீதி நாலு அங்குலம், அந்த இரண்டரைக்குச் செலுத்துகிற வட்டி.

வட்டி அதோடு நிற்கிறதா என்றால் இல்லை. மேஸ்திரி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். சேஸ் மேலே போய், அச்சு கீழே நின்றுவிட்டால், இரண்டுக்கும் நடுவே போகிறதெல்லாம் இழுபடும். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் நீளம் போதாது. ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் அறுந்தே போகலாம். ஷாக் அப்சார்பர் எட்டாது. கியர்ப் பெட்டியிலிருந்து அச்சுக்கு வருகிற ஷாஃப்ட் செங்குத்தாகச் சாயும். அதன் இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டுக்கள் சாய்வு அதிகமானால் நடுங்கும், சீக்கிரம் தேயும். ஸ்டியரிங் கம்பியும் சாய்ந்துவிடும். அப்புறம் சக்கரம் குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். முன் அச்சுக்கு இயற்கையாக ஒரு சாய்வு வைத்திருக்கிறார்கள். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேராக வருகிறதே, அதற்குக் காரணம் அந்தச் சாய்வு. வேலை தெரியாதவன் உயர்த்தினால் அது குறைந்துபோகும். அப்போது நேர் ரோட்டிலேயே வண்டி அலையும்.

"இதுக்கெல்லாம் மாத்து உண்டு சார். நீளக் குழாய் போடலாம், நீள ஷாக் போடலாம், அச்சுக்கு ஆப்பு வச்சுச் சாய்வைச் சரி பண்ணலாம். முடியாதுன்னு நான் சொல்லல. ஆனா ஒண்ணைத் தூக்குனா, மத்த அத்தனையையும் சமாதானம் பண்ணணும். அதுக்குத்தான் ஒண்ணரை லட்சம்."

கூட்டுக் குடும்பத்தில் ஒரு மகனுக்கு மட்டும் சம்பளம் உயர்ந்தால் நடக்கிற சங்கதியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

டயரின் கணக்கு வேறு. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருளும். மீட்டருக்கு அது தெரியாது. பழைய சக்கரந்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கும். 28-க்குப் பதில் 33 போட்டால், மீட்டர் 40 காட்டும்போது வண்டி 47-இல் போய்க்கொண்டிருக்கும். என்ஜினின் இழுவை டயர் பூமியைத் தொடுகிற இடத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து குறையும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும்; ஏனென்றால் நீளமான கைப்பிடி இப்போது சக்கரத்தின் பக்கம் போய்விட்டது. போடிமெட்டிலிருந்து பதினேழு வளைவு இறங்கி வருகிறவனுக்கு இந்தப் பதினைந்து, பரீட்சை மார்க் மாதிரி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

எல்லாவற்றையும்விட எனக்குத் திகிலூட்டியது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழுமா, நிற்குமா என்பதற்கு நிபுணர்கள் முதலில் பார்ப்பது இரண்டே அளவுகள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள அகலத்தில் பாதி ஒன்று. வண்டியின் மொத்தப் பாரமும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி பூமியிலிருந்து எவ்வளவு உயரம் என்பது மற்றொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். கணக்குக்காகப் பாதி அகலம் 25 அங்குலம், பாரத்தின் உயரம் 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். விடை ஒன்று. அந்த வண்டியை ஒரு பலகையில் நிறுத்திப் பக்கவாட்டில் சாய்த்தால், 45 டிகிரி வரை தாங்கும். பாரத்தை ஆறு அங்குலம் உயர்த்துங்கள். 25-ஐ 31-ஆல் வகுத்தால் 0.81. இப்போது 39 டிகிரியிலேயே சாய்ந்துவிடும். இதுவும் நின்ற இடத்தில், காலி வண்டிக்கு. ஓடுகிற வண்டியில், ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் அமுங்கும்போது இன்னும் குறையும். அதில் ஏழெட்டுப் பேருக்கு இடமுள்ள வண்டியில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தால்? அப்படி ஏற்றுவது தப்பு. ஆனாலும் சீசனில் மலையில் அது நடக்காமலில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால், வண்டியை உயர்த்துகிறவர்கள் அத்தனை பேரும் அசடுகள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உயர்த்தியே தீர வேண்டிய இடங்கள் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஸியெரா நெவாடா மலையில் ரூபிகன் என்று ஒரு பாதை இருக்கிறது. பாறைக்கு மேல் பாறையாக அடுக்கியிருக்கும். 1953-இல் அங்கே ஜீப்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பிரயாணம் போனார்கள். பிறகு அது வருஷா வருஷம் நடக்கிற திருவிழாவாகிவிட்டது. யூட்டா மாகாணத்து மோவாபில் 1967-இல் ஈஸ்டரை ஒட்டி இன்னொரு ஜீப் திருவிழா தொடங்கியது. ஏலக்காய் பறிக்க யாரும் அங்கே போவதில்லை. பாறையில் ஏறுவதே அங்கே காரியம். அந்தக் காரியத்துக்குத் தகுந்தாற்போல் வண்டியை அடியோடு மாற்றிக்கொள்கிறார்கள்.

ஐஸ்லாந்துக்காரர்களின் கதை இன்னும் ஸ்வாரஸ்யமானது. வாட்னாயோகுல் போன்ற பனிப் பரப்புகளில் அவர்கள் 38 அங்குலம், 44 அங்குலம் என்று ராட்சச டயர்களைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கே இடிப்பதற்குக் கல்லே கிடையாது! பின் எதற்கு? டயரிலிருந்து காற்றை இறக்கத்தான். நம் ஊர் டயரில் முப்பது பவுண்டு காற்று வைப்போம். அவர்கள் பனியில் மூன்று நாலு பவுண்டு வரைக்கும் இறக்கிவிடுகிறார்கள். டயர் தோசை மாதிரி பரந்து பனியின்மேல் படுத்துக்கொள்ளும். அதே பாரம் பெரிய பரப்பில் பரவுவதால் வண்டி புதையாமல் மிதந்து போகும். அப்படி இறக்குவதற்கு டயரின் வயிறு பெரிதாக இருக்க வேண்டும். அந்த வயிற்றுக்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்காக வண்டியை உயர்த்துகிறார்கள். ஆக, அவர்கள் உயர்த்துவது உயர்வதற்காக அல்ல, பரவுவதற்காக.

இதில் இன்னொரு வேடிக்கை. ஜீப் பிறந்ததே தாழ்வாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். 1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று கேட்டபோது, எதிரியின் கண்ணுக்குத் தெரியாதபடி உயரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அந்த வண்டியின் உருண்டைக்கும் பூமிக்கும் நடுவே இருந்த இடம் ஒன்பது அங்குலத்துக்கும் குறைவு. அந்தக் குறைவான இடத்தை வைத்துக்கொண்டே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் இரண்டாவது உலக யுத்தத்தின் சேற்றையும் மணலையும் மலையையும் கடந்தன. அதன் வாரிசுகள்தான் 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டப்பட்டு நம் தேசத்து மலைகளில் ஏற ஆரம்பித்தன.

"சரி மாமா, நாம பாறைத் திருவிழாவுக்கும் போகல, பனிக்கும் போகல. ஆனா கல்லு இருக்கே?" என்றான் மருமகன். நியாயமான கேள்வி.

அதற்கு முன் சட்டத்தின் கதையையும் அவனுக்குச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு என்று ஒன்று. வண்டியைச் செய்தவர்கள் குறித்துக் கொடுத்த அளவுகளுக்கு மாறாகச் சொந்தக்காரர் அதை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரி 9-ஆம் தேதி, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதி வைத்தார்கள். தினமும் மாநில எல்லையைத் தாண்டுகிற வண்டி. தப்பித்தவறி ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது வண்டியின் உயரத்தைத்தான். பையன் முகம் வாடியது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து விட்ட ஆசை மனசுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். அவனை மாற்றியது சட்டம் அல்ல.

அடுத்த நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு அவனோடு நானும் ஜீப்பில் போனேன். தெரு முனையில் பெண்கள் காத்திருந்தார்கள். கையில் தூக்குச் சட்டி, தலையில் சுற்றிய துண்டு, பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு. ஒவ்வொருத்தியாகப் பின்பக்கப் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, 'உம்' என்று ஒரு மூச்சு விட்டு ஏறினார்கள். எல்லாருக்கும் மூத்த அம்மாள் ஒருத்தி கடைசியில் ஏறினாள். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. முழங்காலில் ஒரு கையை ஊன்றி, மற்றவளிடம் ஒரு கையைக் கொடுத்து, இரண்டாவது முயற்சியில்தான் ஏற முடிந்தது.

ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பதல்ல. செடியின் அடியிலிருந்து சரம் சரமாகத் தரையோடு படர்ந்து, அதில் காய்க்கிறது. பறிக்கிறவர்கள் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும்தான் பறிக்க வேண்டும். காலையில் இரண்டாவது முயற்சியில் ஏறுகிறவள், சாயங்காலம் எட்டு மணி நேரம் வளைந்த இடுப்போடு இதே படியில் ஏற வேண்டும்.

"ஏம்மா, தம்பி வண்டியை உயர்த்தப் போகிறதாம். இந்தப் படி இன்னும் இரண்டு செங்கல் உயரம் மேலே போகுமே, ஏறுவீர்களா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள்.

"அதுக்கென்னங்கய்யா, ஏறத்தான் வேணும். ஏணி ஒண்ணும் சேத்து வாங்கச் சொல்லுங்க" என்றாள்.

வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தான். பதினேழு வளைவு ஏறி முடிகிற வரைக்கும் அப்புறம் அவன் பேசவில்லை.

தார் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து வண்டி. இதே தினுசு, இதே டயர். அந்த டிரைவர் இருபத்தைந்து வருஷமாக இந்தப் பாதையில் ஓட்டுகிறவர். அபாயமான அந்தக் கல் வந்தது. ஆட்டுக்குட்டி படுத்திருப்பதுபோல் பாதையின் நடுவில் கிடந்தது. நம் பையன் அதை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுத் தாண்டப் பார்ப்பான்; முன்னே போனவரோ இடது சக்கரத்தை நேராக அந்தக் கல்லின் மேலேயே ஏற்றினார். வண்டி ஒரு பக்கம் மெல்ல எழுந்து, மெல்ல இறங்கியது. அடியில் ஒன்றும் இடிக்கவில்லை.

மேலே போய் இறங்கியதும் அவரிடம் கேட்டோம். "கல்லைக் கண்டா ஒதுங்கவும் கூடாது, நடுவுல விடவும் கூடாது தம்பி. நடுவுல விட்டா உருண்டை வாங்கிக்கும். சக்கரத்தை மேல ஏத்திட்டா அச்சே கல்லுக்கு மேல போயிரும். அப்புறம் இடிக்க என்ன இருக்கு? ஆனா மெதுவா, கிளட்ச்சை மிதிக்காம" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்தக் கல்லை ஒடச்சுப் போடணும்னு மூணு தோட்டக்காரங்களும் பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கோம். யாரு முதல்ல ஆள் விடுறதுன்னுதான் நிக்குது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மருமகனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பட்டறையில் மேஸ்திரி அளந்து பார்த்ததில், பழைய ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகி, வண்டி தன் சொந்த உயரத்தைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்து கிடந்தது தெரிந்தது. புத்தகத்தில் உள்ளபடியே புதுப் பட்டைகள் போட்டார். அதே அளவில், ஆனால் பள்ளம் ஆழமாக வெட்டிய நல்ல டயர்கள் நாலு. உருண்டைக்கு அடியில் காப்பாக ஒரு கனத்த இரும்புத் தகடு. கையோடு வைத்துக்கொள்ளக் காற்றடிக்கும் சின்ன பம்பு ஒன்று: பாதையில் திரும்பும்போது டயரில் எட்டுப் பவுண்டு காற்றை இறக்குவது, தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி அடித்துக்கொள்வது. ஐஸ்லாந்துக்காரன் வித்தையில் நமக்கு வேண்டிய அளவு அவ்வளவுதான். பின்படிக்குக் கீழே இன்னொரு படி தொங்கவிட வேண்டும் என்று மருமகனே சொன்னான், நான் சொல்லவில்லை. ஒன்றரை லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக ஆயிற்று. அதைக் கொடுத்தேன். தை மாதத்தில் பாதி திரும்பி வந்தது. மருமகனுக்குக் கடன் கொடுத்தவனுக்குப் பாதி திரும்பி வருவது நல்ல வசூல் என்றே அக்கா அபிப்பிராயப்படுகிறாள்.

உயரத்தின்மேல் எனக்கு விரோதம் கிடையாது. அவன் போனில் அந்த யானை ஜீப்புகளின் படங்கள் இன்னும் இருக்கின்றன, இருக்கட்டும். பாறைத் திருவிழாவுக்குப் போகிறவன் தனக்கென்று ஒரு வண்டி வைத்து, தன் உயிரை மட்டும் அதில் ஏற்றி, அந்த ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிற அளவுக்கு உயர்த்திக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் பிறத்தியாரை ஏற்றிக்கொண்டு போகிற எதையும், அது வண்டியானாலும் சரி, வீட்டு வாசலானாலும் சரி, ஆபீஸ் படியானாலும் சரி, உயர்த்துவதற்கு முன் ஏறுகிறவர்களில் மூத்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. டயர்க் கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். போன் படத்திலும் அது தெரியாது.

அந்தக் கல்லை என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லையே. மூன்று தோட்டக்காரர்களும் கூடி ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டார்கள். சம்மட்டியும் கடப்பாரையுமாக இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. உடைத்த சில்லுகளைக் கொண்டுபோய் அடுத்த திருப்பத்தில் இருந்த பள்ளத்தில் கொட்டி நிரவினார்கள். பள்ளத்துக்குச் சரியாக இருந்ததாம்.